தகப்பன் பெயர்: அஃப்சார் அலி

என்னைப் பெற்றவர் பெயர் நயிமுத்தீன் மியா. பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, நிக்காஹ் பதிவேடு, வேலை உத்தரவு என்று என்னுடைய எந்தக் காகிதத்திலும் இந்தப் பெயரைத் தேட வேண்டாம், கிடைக்காது. எல்லாவற்றிலும் தகப்பன் பெயர் அஃப்சார் அலி. அஃப்சார் அலி எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். தங்கமான மனிதர். ஆனால் என் அப்பா இல்லை.

அப்பா வாழ்நாளில் யாரிடமும் பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஏதாவது ஒரு காகிதத்தில், ஒன்றே ஒன்றில், என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டார். அதை எழுதித் தரக்கூடிய இடத்தில் ஒரு நாள் நானே பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஷிமுல்டாங்காவை எல்லோரும் சிட் என்பார்கள். ஒரு நாட்டுக்குள் சிந்திக் கிடக்கும் இன்னொரு நாட்டின் துண்டு. கூச்பிகார் ராஜாவும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடிக் கிராமங்களைப் பணயம் வைத்தார்கள், அதில் வந்த வினை இது என்று எங்கள் பக்கம் கதை உண்டு. அதெல்லாம் கட்டுக்கதை, முகலாயர் காலத்துச் சண்டையில் யார் கையில் எந்த ஊர் இருந்ததோ அதை அப்படியே விட்டு ஒப்பந்தம் போட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, ஷிமுல்டாங்கா ரங்பூர் கணக்கில் விழுந்தது. நாற்பத்தேழில் கோடு போட்டபோது ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. சுற்றியிருந்த கூச்பிகார் பிறகு இந்தியாவோடு சேர்ந்தது. நூறு வீடுள்ள எங்கள் ஊர் இந்தியாவின் வயிற்றுக்குள் பாகிஸ்தானாக உட்கார்ந்துகொண்டது, எழுபத்தொன்றில் பங்களாதேஷ் ஆனது. எழுபத்து நான்கில் இரண்டு அரசாங்கமும் இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மாற்றிக்கொள்ள நாற்பத்தோரு வருஷம் ஆனது. பெரியவர்களுக்கு வேலை அதிகம்.

அப்பா பிறந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அதே மூங்கில் தட்டி வீட்டில் இருந்துகொண்டே பாகிஸ்தானியானார், பங்களாதேஷி ஆனார். ஆனால் அறுபது வயது வரைக்கும் அந்த நாட்டை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அது முள்வேலிக்கு அந்தப் பக்கம், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எங்கள் தலைக்கு மேலே இந்தியாவின் மின்கம்பி போகும், எங்களுக்கு விளக்கு எரியாது. பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ் இல்லை. மாடு திருடு போனால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாட்டையே மறந்துவிடுவார்கள்.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பெண் கர்ப்பமானதும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாட்டேர்ஹாட்டில் பிள்ளைக்கு ஓர் இந்தியத் தகப்பன் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பார்ப்பதுபோலவே விசாரிப்பார்கள். அட்டை சரியாக இருக்கிறதா, குடிப்பானா, நாளைக்கு வம்பு பண்ணுவானா. அப்பா எனக்குப் பார்த்தது அஃப்சார் அலியை. இருவரும் ஒரே குளத்தில் சணல் ஊறப்போட்டு, இடுப்பளவு நாற்றத் தண்ணீரில் நின்று நார் உரித்தவர்கள். அஃப்சாருக்கு மூன்றும் பெண். வலிக்காமல் ஓர் ஆண்பிள்ளை கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பெருநாளுக்குப் பெருநாள் ஒரு சேவல், அதற்கு மேல் அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

தின்ஹாட்டா ஆஸ்பத்திரியில் என் அம்மா மோமெனாவை அஃப்சார் அலி மனைவி என்று சேர்த்தார்கள். நர்ஸ் வந்து அஃப்சார் அலி சம்சாரம் யார், யார் என்று நாலு தடவை கூப்பிட்டும் அம்மா அது வேறு யாரோ என்று படுத்தே இருந்தாளாம். ஆண்பிள்ளை என்று சொன்னதும் வார்டுக்கு வெளியே அஃப்சார் இனிப்புக் கொடுத்தார். இனிப்பை வாங்கி வந்த என் அப்பா வாசலுக்கு வெளியே, ரிக்ஷாக்காரர்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒன்று வந்ததாம். அஃப்சாரின் மனைவி ஜொஹுரா வெகுநாள் வரைக்கும் புருஷனைச் சீண்டுவாள்.

"போங்க, வாய்க்காலுக்கு அந்தாண்ட உங்க சின்ன வீடு சோறாக்கி வெச்சிருக்கும்."

நான் பேசக் கற்றபோதே எனக்கு ஒரு சட்டம் சொல்லித்தரப்பட்டது. வாய்க்காலைத் தாண்டினால் அஃப்சார்தான் அப்பா, அப்பா வெறும் சாச்சா, சித்தப்பா முறை. பாட்டேர்ஹாட் பள்ளிக்கு முதல் நாள் என்னை அஃப்சார் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். அப்பா இருபதடி பின்னால் புகையிலைக் கட்டோடு, சந்தைக்குப் போகிறவர்போல வந்தார். இதில் என் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் படித்தார்கள்.

என் தப்பு நாலாம் வகுப்பில் ஆரம்பித்தது. ஒரு மழை நாள். பொரியும் வெல்லமும் கட்டிய துணியை நான் வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு, வயலில் இருந்து அப்படியே வந்துவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறு, தலையில் கோணிப்பை. வகுப்பு வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். அது யார் என்று வாத்தியார் என்னைக் கேட்டார். சாச்சா என்று சொல்லியிருக்கலாம், அதுதான் சட்டம்.

"எங்க வீட்டு வேலைக்காரன் சார்" என்றேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தியா சொல்லவில்லை, பங்களாதேஷ் சொல்லவில்லை, ராஜாவும் நவாபும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் ஆமாம் பாபு என்று சொல்லி, துணியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் நான் அடி விழும் என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் அடிக்கவில்லை.

"நல்லாத்தான் சொன்ன. சாச்சான்னா முகஜாடை பார்ப்பாங்க. வேலைக்காரன்னா மூஞ்சியையே பார்க்க மாட்டாங்க" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. அதற்குப் பிறகு பள்ளிப் பக்கம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார். நான் விளையாட்டாகத் தொடங்கிவைத்த வேஷத்தை அவர் சிரத்தையாகப் போட்டார். பத்து வயதுப் பையனுக்கு இது வசதியாக இருந்தது. இருபது வயதிலும் வசதியாகவே இருந்தது என்பதுதான் சொல்லக் கூசுகிறது.

நான் தின்ஹாட்டாவில் கல்லூரி படித்தபோது என்னைப் பார்க்கப் பஸ்ஸில் வந்தவரை, அட்டை இல்லை என்று போலீஸ் பிடித்தது. எந்த ஊர் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டான், திருட்டுத்தனமாக நுழைந்தான் என்று பதினோரு மாதம் ஜெயில். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அஃப்சார் அலியின் மகன் எதற்காக ஒரு பங்களாதேஷ்காரனைப் பார்க்க வருகிறான் என்று கேட்டால் என்ன சொல்வது? பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தில் நான் நான்கு சினிமா பார்த்தேன், அது நினைவிருக்கிறது. தண்டனை முடிந்ததும் அவரை எல்லையில் கொண்டுபோய்ச் சொந்த நாட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். அறுபது வயது மனிதர், அறியாத சொந்த நாட்டிலிருந்து தன் வீட்டுக்கு வர, வேலிக்கு அடியில் ஓடும் ஓடையில் நீந்தி வந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்கு வேலை கிடைத்தது. அதே பாட்டேர்ஹாட் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். அம்மா அதைப் பார்க்க இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாள். அடுத்த வருஷம் கல்யாணம். காஜி நிக்காஹ் ஓதும்போது, அஃப்சார் அலியின் மகன் ரெஜ்வான் அலி என்று உரக்கச் சொன்னார். அப்பா அப்போது பந்தலுக்குப் பின்னால் இறைச்சிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு, கையேந்தி துஆ கேட்டார் என்று சமையல்காரன் பிறகு சொன்னான். நான் பாட்டேர்ஹாட்டில் வீடு எடுத்துக்கொண்டேன். என் மகன் தாஹின் பிறந்தபோது அவர் பேரனைப் பார்க்கச் சுரைக்காய் விற்கிறவர்போலக் கொல்லைப்புறமாக வந்தார். என் மனைவி ருபினாவுக்கு விஷயம் தெரியும். முன்வாசல் வழியாக வரச் சொல்லக் கூடாதா என்று என்னிடம் கேட்டாள். தெருவுக்கு எதிரேதான் ஹெட்மாஸ்டர் வீடு என்றேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஜூலையில் ஒருவழியாக நல்ல சேதி வந்தது. துண்டுகளை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். ஷிமுல்டாங்கா இந்தியா ஆகிறது. யார் யார் குடும்பத்தில் யார் யார் என்று பட்டியல் எடுக்க இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வருவார்கள். எழுத உதவிக்குப் பக்கத்துப் பள்ளி வாத்தியார்களை அனுப்பினார்கள். ஷிமுல்டாங்காவுக்குப் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. என் பெயர் வந்தது.

பட்டியலுக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில், அப்பா கொல்லைப்புறமாக வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீதான் எழுதப் போறியாமே?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. பிள்ளைங்கன்னு கேட்கிற இடத்துல உன் பேரப் போட்டுடு. அது போதும் எனக்கு. மத்த காயிதமெல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்."

அது அப்படி இருக்க முடியாது என்று நான் வாத்தியார் குரலில் விளக்கினேன். இதில் ஒரு தகப்பன், அதில் ஒரு தகப்பன் என்றால் யாராவது மனுப் போடுவான். சான்றிதழ் பொய் என்று ஆகும். வேலை போகும், வழக்கு வரும்.

"அஃப்சார் அப்பா மேலயும் கேஸ் வரும்" என்றேன்.

பெற்றவர் முன்னால் நின்றுகொண்டு இன்னொருவரை அப்பா என்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பழக்கம். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அவன் மேலயுமா? அவன் பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுவந்த சுரைக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் வேறு பலர் துணிந்து சொந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லத்தான் செய்தார்கள். அவர்களுக்கு இழக்க வேலை இல்லை, எனக்கு இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

பலாமரத்தடியில் தார்ப்பாய் கட்டி மேஜை போட்டிருந்தார்கள். டாக்காவிலிருந்து ஓர் அதிகாரி, இந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர், நடுவில் நான். ஊரே வரிசையில் நின்றது. என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர்கள், என்னைத் திட்டியவர்கள், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, என்னைத் தெரியாதவர்கள்போலப் பெயர் சொன்னார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதில் எங்கள் ஊர் அவ்வளவு ஒழுங்கு.

அப்பா முறை வந்தது. துவைத்த லுங்கி, வெள்ளை ஜிப்பா, தொப்பி. பெருநாளுக்குத்தான் அதை எடுப்பார். பெயர் சொன்னார், வயது சொன்னார், மனைவி இறந்துவிட்டாள் என்றார். இந்தியா வேண்டும் என்றார். எல்லாவற்றையும் எழுதினேன். பிள்ளைகள் என்று அதிகாரி கேட்டார்.

அப்பா அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. சந்தையில் தராசு முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாஸ்டர்பாபு பக்கத்து ஊருதானே. அவருக்கு எல்லாம் தெரியும். அவரே எழுதட்டும்" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். என் பெயர் ஆறு எழுத்து, எழுதினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து கோணல் இல்லாமல், வகுப்பில் பலகையில் எழுதுவதுபோல, திருத்தமாக விழுந்தது.

அதிகாரி விதிப்படி உரக்கப் படித்துக் காட்டினார். மனைவி காலமானார். பிள்ளைகள் இல்லை. சரிதானா என்று கேட்டார்.

"மாஸ்டர்பாபு எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கைநாட்டு வாங்கும் வேலையும் என்னுடையது. அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, தாளில் அழுத்தினேன். பத்து வயதுக்குப் பிறகு வாய்க்காலுக்கு எந்தப் பக்கத்திலும் நான் அந்தக் கையைப் பிடித்ததில்லை. சணல் தண்ணீரில் ஊறி ஊறி ரேகை தேய்ந்துபோயிருந்தது. முதல் தடவை சரியாக விழவில்லை, இரண்டாம் தடவையும் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. வயதான காலத்தில் பிள்ளை இல்லாமல் தனியாக இருக்கிறீர்களே பெரியவரே என்று டாக்கா அதிகாரி இரக்கப்பட்டார். அக்கம்பக்கம் நல்லவர்கள் என்று அப்பா பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். கொடியேற்றினார்கள், கம்பம் நட்டார்கள், விளக்கு எரிந்தது. எழுபத்திரண்டு வயதில் முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரல் மையைத் தாஹினிடம் காட்டினார். அந்த மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், திட்டியிருந்தால், நான் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் சுரைக்காயோடு கொல்லைப்புறமாகவே வந்துகொண்டிருந்தார். இப்போது அவரும் இந்தியர்தானே, முன்வாசலில் வரலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசி மாதம், புகையிலைப் பாத்தியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜனாஸா தொழுகைக்கு ஊர் கூடியது. எங்கள் பக்கத்தில் தொழுகைக்கு முன் இறந்தவரின் மகன் முன்னால் வந்து, என் தகப்பனால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். இமாம் வாரிசு யார், முன்னால் வரட்டும் என்றார். நான் இரண்டாம் வரிசையில் நின்றிருந்தேன். வரப்பில், மற்ற இந்துப் பெரியவர்களோடு, எங்கள் ஹெட்மாஸ்டர் பிரஜேன் பர்மன் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் மட்டுமே தெரிந்தார். நான் முன்னால் போகவில்லை.

கடைசியில் அஃப்சார் அலி போனார். எழுபத்தைந்து வயது, தடி ஊன்றிப் போய் நின்று, என் சகோதரனை மன்னித்துவிடுங்கள் என்றார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.

மய்யித்தைக் கபருக்குத் தூக்கிப் போனபோது ஹெட்மாஸ்டர் கை காட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். அவருக்கு ஏதாவது சந்தேகம் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை.

"நீங்க வேலைல சேர்ந்த மறுநாள் உங்க அப்பா என்னைப் பார்க்க வந்தாரு" என்றார். "எந்த அப்பான்னு கேட்காதீங்க. புதுசா வந்திருக்கிற ரெஜ்வான் என் மகன்னாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அவன்கிட்டயும் சொல்லாதீங்க, ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான் வந்தேன்னாரு. பத்து வருஷமா நான் வாயத் திறக்கல."

அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பட்டியல நம்ம ஸ்கூல் சுவத்துலதான் ஒட்டுனாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதுல உங்க அப்பா பேர் இருக்கிற வரிசைய நான் படிச்சேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தச் சுவத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. அதுல என்ன போட்டிருக்குன்னு என்கிட்ட கேட்டாரு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பேர் இருக்குன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டாரு. ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். சும்மா தலையாட்டிட்டுப் போனாரு. பிள்ளைங்க இல்லைன்னு உங்க அதிகாரி முன்னமே அவர்கிட்ட உரக்கப் படிச்சுட்டாராம், எனக்கு அது அப்புறந்தான் தெரிஞ்சுது."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் கபர்ஸ்தானுக்கு ஓடினேன். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டு, மேட்டைத் தட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுக் கலைந்துபோயிருந்தார்கள். எனக்கென்று ஒரு பிடி மண் விட்டுவைக்கவில்லை; மகன் வரட்டும் என்று காத்திருக்க, வாரிசு யார் என்று இமாம் கேட்டபோது நான் முன்னால் போகவில்லையே. என் பணிப்பதிவேட்டில் தகப்பன் பெயர் இன்றைக்கும் அஃப்சார் அலிதான்.